பயிற்சித் தாள் கைமாறினால்...

சென்ற ஆண்டு ஒரு தமிழ்ப்பள்ளியில், ஆறாம் ஆண்டு மாணவர் 20 பேரில் சீட்டுக் குலுக்கி 10 பேருக்கு மட்டும் கணித டியூஷன் நடத்தினோம். இறுதியில் இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண். “பயனில்லை, நிறுத்திவிடலாம்” என்றனர் குழுவினர். எனக்கு மனம் ஒப்பவில்லை. விசாரித்தேன்: எங்கள் பயிற்சித் தாள்கள் வகுப்பு முழுவதும் கைமாறியிருந்தன!

ஒருவருக்குத் தரும் உதவி மற்றவரைத் தொடாது என்ற அனுமானத்தில்தான் இத்தகைய ஒப்பீடு நிற்கிறது. நண்பர்களிடையே அது நிற்காது. கென்யாவின் புசியாவில் 1998-இல் தொடங்கிய குடற்புழு மருந்து ஆய்வில், மிகேலும் கிரேமரும் மாணவர்களை அல்ல, 75 பள்ளிகளையே பிரித்தார்கள். மருந்து உண்ணாத சக மாணவர்களிடமும் தொற்று குறைந்தது. ஒரே பள்ளிக்குள் பிரித்திருந்தால், அந்தப் பயனே ஒப்பீட்டைக் கெடுத்திருக்கும்.

இவ்வாண்டு நாங்களும் பள்ளிவாரியாகக் குலுக்கப் போகிறோம். குறைந்தது ஆறு பள்ளிகளாவது வேண்டும் (அதுவே குறைவுதான்), நான்கு கிடைத்துள்ளன.