புண்ணும் வடுவும்: உளக்காய மருத்துவம் பற்றியதொரு சொல்லாய்வு

புதிதாகத் தோன்றிய ஒரு கருத்தைத் தமிழில் உணர்த்துதற்கு நாம் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்குங்கால், அச்சொல் தன் பழம்பொருள்களையும் உடன்கொண்டே வருகின்றது. பொறிகளின் பெயர்களில் இதனாற் பெருந்தீங்கு ஒன்றும் விளைவதில்லை. துன்புற்ற மாந்தரைக் குறிக்கும் சொற்களிலோ நிலை வேறு. அங்கே சொல்லின் பழம்பொருள் துன்புற்றார் மேலேயே சென்று தங்குகின்றது. இன்று உளமருத்துவரும் உளவளத்துணையாளரும் வழங்கும் 'மனவடு' என்னும் சொல் அத்தகையது. அதன் பொருளையும், அதனைக் கையாளும் மருத்துவ முறையையும், வன்முறையைத் தடுத்தலில் அம்முறைக்குள்ள இடத்தையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற்கண் கருத்தின் வரலாற்றைக் காண்போம். மேலைநாட்டார் வழங்கும் 'ட்ராமா' என்பது புண் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும். நெடுங்காலம் அது உடற்காயத்தையே குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பியேர் ழானே, சிக்மண்ட் பிராய்டு முதலியோர் அதனை உள்ளத்திற்கும் உரியதாக்கினர். 1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்வகைக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில், பெருந்துன்பத்தின் பின் தோன்றும் உளநோயைத் தனியொரு நோயாக வகுத்தது. நடந்து முடிந்த நிகழ்ச்சி கனவாகவும் நனவாகவும் மீண்டும் மீண்டும் தோன்றுதல், அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் விலக்குதல், சிற்றொலிக்கும் திடுக்கிட்டு எப்போதும் விழிப்புற்றிருத்தல் என்பன அதன் குறிகள். கழிந்த காலம் நிகழ்காலமாகவே நின்றுவிடுதல் இந்நோயின் இயல்பு எனச் சுருங்கக் கூறலாம்.

இக்கருத்திற்குத் தமிழில் அதிர்ச்சி, உளக்காயம், மனவடு எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் அதிர்ச்சி என்பது கணப்பொழுதில் தோன்றி நீங்குவதையும் குறிக்குமாதலின் இதற்கு நிரம்பப் பொருந்தாது. மனவடு என்னும் சொல் யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில், மருத்துவரும் பணியாளரும் மக்களோடு பேசிப் பேசி வழக்கிற் கொணர்ந்தது. ஆதலின் அச்சொல்லுக்கு ஓர் உயிர் உண்டு. எனினும் 'வடு' என்பதன் இலக்கிய வழக்கை நோக்காது இதனை ஏற்றல் தமிழ் ஆய்வாளர்க்கு அமையாது.

புண்ணையும் வடுவையும் ஒருங்குவைத்து வேறுபடுத்திக் காட்டும் சிறந்த சான்று திருக்குறளில் அடக்கமுடைமை அதிகாரத்தில் உளது. தீயால் உண்டாவதைப் புண் என்றும், நாவால் உண்டாவதை வடு என்றும் வள்ளுவர் பிரித்தார். முன்னது ஆறும் என்பதும் பின்னது ஆறாது என்பதுமே இப்பெயர் வேறுபாட்டிற்குக் காரணம் எனப் பரிமேலழகர் விளக்கினார். உடலிலோ வடு என்பது புண் ஆறியதன் அடையாளம். உள்ளத்திற்கு வருங்கால் அதுவே ஆறாமையின் அடையாளமாகின்றது. இம்மாற்றம் கருதத்தக்கது.

வடுவிற்குப் பிறிதொரு பொருளும் உண்டு. செங்கோன்மை அதிகாரத்தில், குடிகளைக் காத்துக் குற்றம் கடிதல் வேந்தனுக்கு வடுவன்று என்னுமிடத்து அச்சொல் பழியைக் குறிக்கின்றது. கயமை அதிகாரத்தில், பிறர்மேற் கீழ்மக்கள் காணும் குற்றமே வடு எனப்படுகின்றது. ஆகவே வடு தழும்பும் ஆகும், பழியும் ஆகும். புண்பட்டவன் பழிபட்டவனாகவும் எண்ணப்படும் நிலையை இவ்விருபொருள் நமக்கு நினைவூட்டுகின்றது.

பழந்தமிழர் புண்ணிலும் இவ்வேறுபாடு கண்டனர். முகத்தினும் மார்பினும் பட்டது விழுப்புண், முதுகிற்பட்டது புறப்புண். வெண்ணிப் போரிற் கரிகாலனொடு பொருது புறப்புண்ணுற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், அதற்கு நாணி வடக்கிருந்தமையைப் புறநானூற்று 65, 66ஆம் பாடல்களால் அறிகின்றோம். அவனை வடக்கிருக்கச் செய்தது புண்ணின் நோவு அன்று, நாணமே. பண்டை மன்னனை இன்றைய நோயாளியாகக் கொள்ளுதல் முறையன்று. ஆயினும் காயத்தினும் காயத்தால் வந்த நாணம் கொடிதாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி மருத்துவ முறையை நோக்குவோம். உளக்காயம் அறிந்து செய்யும் மருத்துவம், வந்தவரிடம் 'உனக்கு என்ன கோளாறு?' என்னும் வினாவை எழுப்புவதில்லை. 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்னும் வினாவையே உள்ளத்திற் கொண்டு தொடங்குகின்றது. முன்னைய வினா குறையை அவரிடத்தே வைக்கின்றது. பின்னையது நிகழ்ச்சியின்மேல் வைக்கின்றது. சொல்லாய்வின்வழி நாம் கண்ட வடுவின் இருபொருளையும் பிரித்துத் தழும்பை ஏற்றுப் பழியை நீக்குவதே இவ்வினா மாற்றத்தின் பயன்.

2014ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் போதைப்பழக்க, மனநலப் பணிகள் நிர்வாகம் இம்முறைக்கு ஆறு நெறிகளை வகுத்தது. அவை அச்சமின்மை, ஒளிவின்மையால் வரும் நம்பிக்கை, ஒத்த துன்பம் உற்றாரின் துணை, கூடிச் செய்தல், தேர்வுரிமையும் குரலும் அளித்து வலுவூட்டல், பண்பாடு வரலாறு பாலினம் என்பவற்றை மதித்தல் என்பன. இவை நடைமுறையில் எளியனவாகவே தோன்றும். மருத்துவர் தாம் இன்னார் என்றும் இன்னது செய்யப்போகின்றோம் என்றும் முன்னரே கூறுவார். தொடுமுன் இசைவு கேட்பார். வந்தவர் விரும்பாத வினாவிற்கு விடை வற்புறுத்தார்.

இவ்வற்புறுத்தாமை இன்றியமையாதது. உள்ளதெல்லாம் உடனே கொட்டித் தீர்த்தால் ஆறுதல் வரும் என்பது பொதுவான எண்ணம். பேரிடர் நிகழ்ந்தவுடன் ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்லச் செய்யும் முறை பிற்கால நோயைத் தடுப்பதில்லை என்பதனால் உலக நலவாழ்வு நிறுவனம் அதனைப் பரிந்துரைப்பதில்லை. ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் மீட்சியை மூன்று படிகளாக வகுத்தார். முதலில் அச்சமற்ற நிலை. அதன்பின்னரே நினைவுகூர்ந்து இரங்குதல். இறுதியிற் பிறரோடு மீண்டும் இணைதல். காப்பின்றிக் கிளறப்படும் நினைவு மருந்தாகாது என்பது இவ்வரிசையாற் பெறப்படும்.

தமிழ் பேசும் நிலத்தில் இம்மருத்துவம் கடுஞ்சோதனைக்கு உட்பட்ட இடம் இலங்கையின் வடபகுதியாகும். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும் அப்பகுதியைத் தாக்கின. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் போரின் உளவிளைவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். 2007இல் எழுதிய கட்டுரையில், காயமுற்றது தனி மனிதர் உள்ளம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் அவற்றைப் பிணித்த நம்பிக்கையுமே காயமுற்றன என நிறுவினார். இதனைக் கூட்டு மனவடு எனலாம். காணாமற்போனோர் குடும்பங்களின் நிலை இதனை விளக்கும். உடல் கிடைத்திலது, இறந்தார் என்னும் உறுதி இல்லை, ஆதலின் ஈமக்கடன் ஆற்றி இரங்கி முடித்தற்கும் வழியில்லை. ஹெர்மன் கூறிய இரண்டாம் படியே அவர்க்கு அடைபட்டுக் கிடக்கின்றது. இத்தகையோரிடத்து மருந்து மட்டும் போதாமையின், மூச்சுப்பயிற்சி, அவரவர் சமயத்துக்குரிய மந்திரத்தை உருவேற்றல், குழுவாக அமர்ந்து பேசுதல் முதலிய பழகிய வழிகளையும் பணியாளர் மேற்கொண்டனர். 'மனவடு' என்னும் சொல் பொதுமக்கள் வாயில் இடம் பெற்றதும் இப்பணியின் விளைவேயாம்.

இம்மருத்துவம் வன்முறையைத் தடுப்பது எங்ஙனம் எனின், கூறுவோம். வடகிழக்கு இலங்கையில் 296 தமிழ்ப் பள்ளி மாணாக்கரிடம் நிகழ்த்தி 2008இல் வெளியிடப்பெற்ற ஓர் ஆய்வு, போருக்கு மிகுதியாக ஆட்பட்ட பிள்ளைகள் தம் வீட்டினுள்ளும் மிகுதியாக வன்முறைக்கு ஆளாயினர் என்றும், தந்தையின் குடிப்பழக்கம் அவ்வன்முறையோடு தொடர்புற்றிருந்தது என்றும் காட்டிற்று. வெளியே நடந்த போர் வீட்டினுள் அடியாகத் தொடர்கின்றது. ஆகவே தந்தையின் உறக்கமின்மைக்கும் குடிக்கும் செய்யும் மருத்துவம் பிள்ளையின் காப்பும் ஆகின்றது. ஈண்டு இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். புண்பட்டார் அனைவரும் பிறரைப் புண்படுத்துவர் எனல் பிழை. அங்ஙனம் கூறின் பழிப்பொருளை மீண்டும் அவர்மேல் ஏற்றியவராவோம். மற்று, காயத்தைக் காரணமாகக் கூறுதல் அடித்தலை மன்னித்தலும் ஆகாது. அடிபடுவார் காப்பே முதற்படி என்பதை மறத்தலாகாது.

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் நாம் பெறும் முடிவு இது. மனவடு என்னும் சொல்லை நீக்க வேண்டுவதில்லை. மக்கள் ஏற்ற சொல்லை அகற்றுதல் ஆய்வாளர்க்கு அழகுமன்று. ஆயின் மருத்துவம் வேண்டி நிற்கும் நிலையைப் புண் என்றும், ஆறியபின் நினைவாக எஞ்சுவதை வடு என்றும் வேறுபடுத்தி வழங்குதல் நன்று. புண் எனின் ஆற்றுதற்குரியது என்பது சொல்லிலேயே விளங்கும். வடு எனின் பிழைத்து நின்றதன் அடையாளம் என்பது விளங்கும். பழி என்னும் மூன்றாம் பொருள் இத்துறையில் இடம்பெறாதவாறு காத்தல் வேண்டும்.

இது சொல்லளவில் நிற்கும் செய்தி எனச் சிலர் கருதலாம். மருத்துவமனைப் படிவங்களும் கையேடுகளும் தமிழில் எழுதப்படுங்கால் அவற்றைப் பெயர்ப்போர் பெரும்பாலும் தமிழ் கற்றோரே. அடிபட்டு வந்த ஒரு பெண் அப்படிவத்தில் தன் நிலைக்குரிய சொல்லைப் படிக்கும்போது, அதில் தன் துன்பத்தைக் காண்பாளா, தன் குற்றத்தைக் காண்பாளா என்பது நாம் இடும் சொல்லைப் பொறுத்தது. அப்பொறுப்புத் தமிழ்த்துறைக்கு உரியது என்க.