சுவர் தொழிற்சாலையில், பலம் இணைப்பில்

புதிய வீவக கட்டடம் எழும்பும் இடத்தைக் கடக்கும்போது சற்று நின்று பாருங்கள். செங்கல் அடுக்குவோரைக் காண்பது அரிது. சன்னலுக்கான திறப்புடன் முழுச் சுவரே பாரந்தூக்கியில் தொங்கியபடி மேலே போகும்.

இதுதான் முன்வார்ப்புக் கட்டுமானம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1980களின் தொடக்கத்தில் இம்முறையைப் பெரிய அளவில் கையாளத் தொடங்கியது. 50 மாடி உயரமுள்ள பினக்கல் அட் டக்ஸ்டன் குடியிருப்பிலும் முன்வார்ப்புப் பாகங்கள் பயன்பட்டன. கூரையடியில் வேலை நடப்பதால் மழை தடையாவதில்லை. கட்டுமானத் தளத்தில் ஊழியர் எண்ணிக்கை, தூசு, இரைச்சல் எல்லாம் குறைகின்றன.

எப்படிச் செய்கிறார்கள்?

எஃகு அச்சுக்குள் கம்பிக்கூட்டை வைத்து கான்கிரீட் ஊற்றுகின்றனர். அதிர்வு கொடுத்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுகின்றனர். இறுகிய பாகங்கள் லாரியில் தளத்துக்கு வருகின்றன.

அங்குதான் நுணுக்கமான வேலை. கீழ்த்தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள், மேல்தூணின் அடியிலுள்ள குழாய்களுக்குள் சரியாக நுழைய வேண்டும். தூண் செங்குத்தாக நிற்பதைச் சரிபார்த்து, தற்காலிக முட்டுக் கொடுத்து, சுருங்காத சிமெண்ட் கலவையைக் குழாய்களுக்குள் செலுத்துவர். அது இறுகிய பிறகே இரு தூண்களும் ஒன்றாகின்றன.

ரோனன் பாயின்ட் தந்த பாடம்

இணைப்பு பலவீனமானால் என்னவாகும்? லண்டனில் 22 மாடி ரோனன் பாயின்ட் கட்டடத்தைத் தாங்கியவை தூண்கள் அல்ல, சுவர்ப் பலகைகளே. 1968 மே 16 அதிகாலை, 18வது மாடியில் ஒரு பெண் அடுப்பைப் பற்றவைத்தபோது கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. அவர் உயிர் தப்பினார். ஆனால், சுமை தாங்கிய சுவர் வெளியே தள்ளப்பட்டது. அதற்கு மேலிருந்த மாடிகள் சரிந்தன; அந்தப் பாரம் விழுந்து கீழ்மாடிகளின் மூலைப் பகுதியும் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்தது. நால்வர் மாண்டனர். கட்டடம் திறக்கப்பட்டு ஏறக்குறைய இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

1986ல் அதைப் பிரித்தெடுத்தபோது, சில இணைப்புகளில் கலவைக்குப் பதிலாகச் செய்தித்தாள் அடைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

அந்த விபத்துக்குப் பிறகு பிரிட்டனில் கட்டட விதிகள் கடுமையாக்கப்பட்டன. ஒரு சுவரோ தூணோ போனாலும் கட்டடம் முழுவதும் தொடர்ந்து சரியக்கூடாது என்ற கொள்கை வலுப்பெற்றது. அதனால்தான் தூண், உத்தரம், தளம் யாவும் கம்பிகளால் பிணைக்கப்படுகின்றன.

கட்டுமானப் பொறியியல் படிக்க விரும்பும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். குழாய்க்குள் கலவை நிறைந்துவிட்டதா என்பதை வீட்டில் குடியேறுபவரால் பார்க்க முடியாது. அவருக்காகப் பார்ப்பதே பொறியாளரின் வேலை.