சுவர் மணிக்கூடும் ஒரு சிறு பற்றரியும்

நம் இல்லங்களிலே தொங்கும் சுவர் மணிக்கூடுகளுட் பெரும்பாலானவை ஒன்றரை வோல்ற்றுப் பற்றரி ஒன்றினால் ஓராண்டுக்கு மேலாகவும் இயங்குகின்றன. ஊரிலே சாவி கொடுத்து முறுக்கிய ஊசல் மணிக்கூட்டுடன் வளர்ந்த பெரியோருக்கு இது இன்றும் வியப்பே.

இதன் நுட்பம் உள்ளேயிருக்கும் குவாட்சுப் படிகத்தில் அடங்கியுள்ளது. இசைக்கவை வடிவில் வெட்டப்பட்ட அச்சிறு படிகம் மின்னூட்டத்தால் செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கின்றது. இவ்வெண் தற்செயலாக அமைந்ததன்று. மாணவர்களே, அதனைப் பதினைந்து முறை இரண்டாற் பிரித்துப் பாருங்கள்; ஒன்று கிடைக்கும்! மின்சுற்று இப்பிரித்தலைச் செய்து செக்கனுக்கொரு துடிப்பை வெளியிட, அத்துடிப்புக் கம்பிச்சுருளினூடே சென்று சிறு காந்தமொன்றை அரைச்சுற்றுத் திருப்புகின்றது. பற்சில்லுகள் முட்களை நகர்த்துகின்றன.

பற்றரி தளர்ந்தால் மணிக்கூடு சிறிது சிறிதாகப் பிந்தும் என்பது பலரின் எண்ணம். உண்மையில் படிகம் தன் கணக்கைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. முள்ளைத் தள்ளும் வலுவே முதலிற் குன்றும். ஆதலால் செக்கன் முள் ஒன்பதாம் இலக்கத்தருகே மேலேற மாட்டாது துடித்துக்கொண்டு நிற்கும். அதுகண்டதும் பற்றரியை மாற்றிவிடுக. தீர்ந்த பற்றரியை உள்ளேயே விட்டால் அது கசிந்து தகடுகளை அரித்துவிடும்.

பிந்துதலுக்கு வேறொரு காரணம் குளிர். இப்படிகம் ஏறத்தாழ 25 பாகை செல்சியசிலேயே செம்மையாக அதிரும். வெப்பம் கூடினும் குறையினும் வேகம் தணியும். இலண்டன் மாரியில் 10 பாகையிலே கிடக்கும் வாசற் கூடத்து மணிக்கூடு இதனால் மாதத்தில் இருபது செக்கன் வரை பிந்தலாம். வெப்பமூட்டிக்கு நேர்மேலே மாட்டுவதும் நன்றன்று.

நேரத்தைச் சரிபார்க்க 1924 முதல் பி.பி.சி. ஒலிபரப்பும் ஆறு ஒலிக்குறிகள் உள. நீண்டொலிக்கும் ஆறாவது குறியின் தொடக்கமே மணியின் தொடக்கம். ஆனால் இலக்கமுறை வானொலியில் அவை சில செக்கன்கள் தாமதித்தே வந்து சேரும், எப்.எம். வானொலியே இதற்கு ஏற்றது. கிறீனிச் வானாய்வுக்கூட வாயிலில் 1852இல் பொருத்தப்பட்ட மணிக்கூட்டைப் பார்த்துத் திருத்துவோர் ஒன்றை நினைவிற் கொள்க: அது கோடையிலும் கிறீனிச் நேரத்தையே காட்டும், அப்போது நம் மணிக்கூட்டுக்கு ஒரு மணித்தியாலம் பின்னே நிற்கும்.

மார்ச், ஒக்ரோபர் மாத இறுதி ஞாயிறுகளில் பிள்ளைகள் வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ வந்து நிற்பதைக் காணாத வாரப் பாடசாலை உண்டோ? வானொலி மணிக்கூட்டில் இத்தொல்லை இல்லை. 2007 முதல் கம்பிரியாவின் அந்தோணிலிருந்து 60 கிலோஹேட்சில் வரும் நேரச் சைகையைப் பெற்று அது தானே திருந்திக்கொள்ளும். யன்னலருகே, தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் எட்ட வைத்தல் நலம். இரவிலே சைகை தெளிவாகக் கிடைக்கும்.

இவ்வகை மணிக்கூட்டை ஊருக்குப் பரிசாகக் கொண்டுசெல்வோரும் உளர். அச்சைகை யாழ்ப்பாணம் வரை எட்டாது. அங்குள்ளோருக்குச் சாதாரண குவாட்சு மணிக்கூடே உகந்தது.