கார் யார் பெயரில், ஓட்டியது யார்?

பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை, ஹோட்டல், அடுக்குமாடிக் குடியிருப்பு என எங்கே காரை நிறுத்தினாலும், அந்த இடத்தை ஒரு தனியார் நிறுவனம் கண்காணித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே நுழையும்போது கேமரா ஒருமுறை நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். வெளியேறும்போது இன்னொரு முறை. இடைப்பட்ட நேரம் அனுமதித்ததைவிடக் கூடிவிட்டாலோ, பணம் கட்டியதாகப் பதிவு இல்லாவிட்டாலோ சில நாட்களில் வீட்டுக்குக் கடிதம் வந்து சேரும். 100 பவுண்டு கட்டுங்கள், 14 நாட்களுக்குள் என்றால் 60 போதும் என்பதுதான் அதன் சாரம். கடிதத்தில் இருப்பது ஓட்டியவரின் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. கார் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் அது வரும்.

அவரைத்தான் சட்டம் கீப்பர் என்கிறது. காரின் உரிமையாளர் வேறொருவராக இருக்கலாம். வாகனப் பதிவுச் சான்றிலேயே இந்தக் குறிப்பு உண்டு. பிரிட்டிஷ் வாகனப் பதிவு முகமையான டி.வி.எல்.ஏ.விடம் ஒரு பதிவுக்கு 2.50 பவுண்டு செலுத்தி, கீப்பரின் பெயரையும் முகவரியையும் பார்க்கிங் நிறுவனங்கள் வாங்கிக்கொள்கின்றன. 2024-25 நிதியாண்டில் மட்டும் இப்படி ஏறத்தாழ 1 கோடியே 44 லட்சம் பதிவுகள் கைமாறின. கேமராவுக்குத் தெரிவது நம்பர் பிளேட், டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவது கீப்பர். அன்று ஸ்டீயரிங் பிடித்தவர் யார் என்பது இரண்டுக்குமே தெரியாது. கீப்பர் எழுப்பும் ஆட்சேபம் இந்த இடைவெளியில்தான் கால் ஊன்றுகிறது.

முதலில், வந்திருக்கும் நோட்டீஸ் எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும். கவுன்சில் தருவது பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ். தனியார் தருவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டையும் பி.சி.என். என்றே சுருக்குவார்கள். தனியார் கடிதங்களின் நிறமும் அமைப்பும் அரசுக் கடிதங்களை நினைவூட்டும்படி இருப்பது தற்செயல் என்று நம்புவது கடினம். கவுன்சில் விதிப்பது சட்டபூர்வமான அபராதம். அதில் பொறுப்பு நேரடியாக உரிமையாளரைச் சேரும்; அதை எதிர்க்கும் வழியும் வேறு. தனியார் கேட்பது ஒப்பந்தத்தின்படி வர வேண்டிய தொகை. 'இங்கே நிறுத்தினால் இந்த நிபந்தனைகளுக்கு உடன்பட்டதாகப் பொருள்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து நிறுத்தியவர் ஒப்பந்தம் செய்துகொண்டவர் ஆகிறார். ஒப்பந்தம் ஓட்டுநரோடுதான். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கீப்பர் எந்தப் பலகையையும் பார்க்கவில்லை, எதற்கும் உடன்படவும் இல்லை.

அப்படியிருக்க அவரிடம் எப்படிப் பணம் கேட்க முடிகிறது? விடை 2012-இல் வந்த சுதந்திரப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன்பு தனியார் நிலத்தில் நிறுத்திய கார்களின் சக்கரத்தில் பூட்டுப் போட்டுப் பணம் பறிக்கும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைத் தடை செய்த அரசு, நிறுவனங்களுக்கு மாற்றாக ஒன்றைக் கொடுத்தது. ஓட்டுநர் யாரென்று தெரியாவிட்டால் கீப்பரிடமே வசூலிக்கலாம் என்ற உரிமை அது. சட்டத்தின் நான்காவது அட்டவணையில் உள்ள இந்த ஏற்பாடு 2012 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உரிமை சும்மா வந்துவிடவில்லை. அட்டவணை சொல்லும் நிபந்தனைகள் அத்தனையும் நிறைவேறினால்தான் அது பிறக்கும். ஒன்று தவறினாலும் நிறுவனம் ஓட்டுநரைத்தான் தேட வேண்டும்.

நிபந்தனைகளில் கீப்பருக்கு அதிகம் கைகொடுப்பது தேதி. கண்ணாடியில் நோட்டீஸ் எதுவும் ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பிய வழக்கு என்றால், கார் வெளியேறியதற்கு மறுநாளை முதல் நாளாகக் கொண்டு 14 நாட்களுக்குள் கீப்பருக்கான நோட்டீஸ் வந்து சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் போதாது, சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்ட நோட்டீஸ், அதற்குப் பிந்தைய இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் கொள்ளும். மார்ச் 3, திங்கட்கிழமை கார் வெளியேறியது என்று வைத்துக்கொண்டால் கெடு மார்ச் 17, திங்கள். வியாழன் 13-ஆம் தேதி தபாலில் போட்ட நோட்டீஸ், வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு என்று கணக்கில் 17-ஆம் தேதி சேர்கிறது, தப்பித்தது. வெள்ளி 14-ஆம் தேதி போட்டிருந்தால் சனியும் ஞாயிறும் கணக்கில் வராமல் செவ்வாய் 18-க்குப் போய்விடும். ஒரே நாள் தாமதம், கீப்பர் மீதான உரிமை போயிற்று. ஆகவே உறை பிரித்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் நோட்டீஸில் உள்ள தேதியைப் பார்ப்பது நல்லது. உறையையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியில் நோட்டீஸ் வைத்திருந்தால் கணக்கு மாறும். முதல் 28 நாட்கள் ஓட்டுநருக்கான அவகாசம். அது முடிந்த பிறகு, அடுத்த 28 நாட்களுக்குள் கீப்பருக்கான நோட்டீஸ் வர வேண்டும். இங்கே தாமதம் மட்டும் குறையல்ல. முந்தி வந்தாலும் குறைதான். அதனால் கண்ணாடி நோட்டீஸைக் கண்டதும் அவசரப்பட்டு எழுதி, ஓட்டியது யார் என்பதைத் தானாகவே வெளியிட்டுவிடுவது பலர் செய்யும் பிழை.

தேதி சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது வாசகம். எந்த வாகனம், எந்த நிலம், எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டது, யாருக்குப் பணம் சேர வேண்டும் என்பவை நோட்டீஸில் இருக்க வேண்டும். ஓட்டுநர் யார் என்று தங்களுக்குத் தெரியாது என்பதையும் நிறுவனம் சொல்ல வேண்டும். பணத்தைக் கட்டுங்கள், அல்லது ஓட்டுநரின் பெயரையும் முகவரியையும் தந்து நோட்டீஸை அவரிடம் கொடுங்கள் என்று கீப்பரை அழைக்க வேண்டும். 28 நாட்கள் கழிந்தும் தொகை வராமல், ஓட்டுநர் விவரமும் தெரியாமல் இருந்தால் கீப்பரிடமே வசூலிக்க உரிமை உண்டு என்ற எச்சரிக்கையும் வேண்டும். சில நிறுவனங்கள் இந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு, 'ஓட்டியது நீங்கள்தான் என்று கருதுகிறோம்' என்று எழுதிவிடுகின்றன. அந்த ஒரு வரி, அட்டவணையின் துணை தங்களுக்கு இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்வதற்குச் சமம். பதிவில் பெயர் இருப்பதை மட்டும் வைத்து அவர்தான் ஓட்டினார் என்று அனுமானிக்க முடியாது என 2023-இல் ஒரு கவுண்டி நீதிமன்ற மேல்முறையீட்டில் தீர்ப்பாயிற்று. மற்ற நீதிபதிகளை அது கட்டுப்படுத்தாது என்றாலும் வாதத்துக்கு வலு சேர்க்கும்.

நிலமும் ஒரு கேள்வி. அட்டவணை எல்லா இடத்துக்கும் செல்லாது. பொதுச் சாலை, கவுன்சிலின் பார்க்கிங், துணைவிதிகளால் ஆளப்படும் ரயில்வே மற்றும் விமான நிலைய வளாகங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. அங்கே தனியார் நிறுவனம் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கீப்பரைப் பிடிக்க முடியாது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இந்த அட்டவணை பொருந்தாது. கீப்பர் லண்டனில் குடியிருந்தாலும் கார் நின்றது கிளாஸ்கோ என்றால் ஸ்காட்லாந்தின் சட்டம்தான். திருடு போயிருந்த காருக்கும் கீப்பர் பொறுப்பாக மாட்டார். வாடகைக் கார் என்றால், ஒப்பந்த நகலையும் வாடகைக்கு எடுத்தவர் கையெழுத்திட்ட பொறுப்பேற்பையும் உரிய காலத்தில் அனுப்பி, வாடகை நிறுவனம் சுமையை அவரிடம் மாற்றிவிடலாம்.

ஓட்டியவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. வேகமாக ஓட்டிய வழக்கில் காவல்துறை கேட்டால் சொல்லியே ஆக வேண்டும். 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. தனியார் பார்க்கிங் நிறுவனத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. சொல்லாமல் இருப்பது குற்றமல்ல. பொய் சொல்வது வேறு விஷயம். தான் ஓட்டிவிட்டு 'நான் ஓட்டவில்லை' என்று எழுதியவர், பிறகு நீதிமன்றத்தில் உண்மை என்று கையெழுத்திட வேண்டி வரும்போது பார்க்கிங் கட்டணத்தைவிடப் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வார்.

மறுப்புக் கடிதம் எழுதும்போது இதுதான் நினைவில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் கார், ஓட்டுவது அம்மாவும் கல்லூரி போகும் மகளும் என்ற வீடுகளில், கடிதம் வந்ததும் அப்பா ஆத்திரத்தோடு உட்கார்ந்து 'நான் பத்து நிமிடம்தான் நிறுத்தினேன், கடையில் கூட்டமாக இருந்தது' என்று தட்டிவிடுவார். அத்தோடு கீப்பர் என்ற கவசம் கழன்றுவிடுகிறது; ஓட்டுநர் கிடைத்துவிட்டார், தேதிக் குறையும் வாசகக் குறையும் செல்லாக் காசு. 'என் மகள் நிறுத்தினாள்' என்பதும் அதே கதைதான், மாட்டுவது மட்டும் மகள். 'இந்த வாகனத்தின் கீப்பர் என்ற முறையில் எழுதுகிறேன். ஓட்டுநர் நிறுத்தியதாகச் சொல்லப்படும் நேரம் குறித்து...' என்று படர்க்கையிலேயே கடைசி வரை போவதுதான் பாதுகாப்பு. பல நிறுவனங்களின் இணையப் படிவத்தில் 'நீங்கள் ஓட்டுநரா, கீப்பரா' என்று ஒரு கட்டம் இருக்கும். மேல்முறையீட்டின் பாதி அந்த ஒரு சொடுக்கில் தீர்மானமாகிவிடுகிறது.

ஓட்டுநரின் பெயரையும் சரியான முகவரியையும் கொடுப்பதும் நேர்வழிதான். வழக்குத் தொடங்கும் முன் கொடுத்துவிட்டால் கீப்பர் விடுபடுகிறார். யாருக்கு லாபம் என்பது குடும்பத்தைப் பொறுத்தது.

நோட்டீஸ் எல்லா வகையிலும் செம்மையாக இருந்தால் கீப்பர் என்ற வாதம் மட்டும் தாங்காது. அப்போது மறுப்பு, நிறுத்தியதன் நியாயத்துக்குத் திரும்ப வேண்டும். இங்கே குறுக்கே நிற்பது 2015 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்த்த பீவிஸ் வழக்கு. செல்ம்ஸ்ஃபோர்டில் ஒரு கடைத் தொகுதியில் 2 மணி நேரம் இலவசம். காரோட்டி பீவிஸ் 56 நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டார். கேட்ட தொகை 85 பவுண்டு. நஷ்டமே இல்லாதபோது இது மிரட்டல் தண்டம் என்றார் அவர். இடங்கள் காலியாகிக்கொண்டே இருப்பதில் நிறுவனத்துக்கும் நில உரிமையாளருக்கும் நியாயமான அக்கறை உண்டு, தொகையும் மிகையல்ல என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மறுத்தார். 'கட்டணம் அநியாயம்' என்ற ஒற்றை வாதம் அன்றோடு ஓய்ந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பு, பலகைகள் பெரியவை, எளிதில் படிக்கக் கூடியவை என்பதையும் சேர்த்தே சொன்னது. பலகை மரத்தின் பின்னால் ஒளிந்திருந்தாலோ, தொகை எறும்பெழுத்தில் இருந்தாலோ, இருட்டில் விளக்கில்லாமல் இருந்தாலோ வாதத்துக்கு இடமிருக்கிறது. உடனே போய்ப் படம் எடுத்து வைப்பது நல்லது. பலகைகள் பின்னாளில் மாறுவதுண்டு.

நிறுவனங்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளும் உதவும். பலகையைப் படித்து முடிவெடுக்கப் பொதுவாகக் குறைந்தது 5 நிமிடமும், நேரம் முடிந்த பிறகு கிளம்ப 10 நிமிடமும் தர வேண்டும். நம்பர் தட்டும்போது ஓரெழுத்து மாறிப்போன சில்லறைத் தவறுக்காகப் பணம் கேட்கக் கூடாது. குடியிருப்புகளில் வாடகை அல்லது குத்தகைப் பத்திரம் ஏற்கெனவே தந்திருக்கும் நிறுத்தும் உரிமையை, பிறகு வந்த பலகை பறிக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. பத்திரத்தைப் படிக்காமல் அங்கே யாரும் பணம் கட்ட வேண்டியதில்லை.

மறுப்பை முதலில் நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும், பொதுவாக 28 நாட்களுக்குள். பணம் கட்டிவிட்டு மறுக்க முடியாது. கட்டினால் விவகாரம் முடிந்தது. நிறுவனம் நிராகரித்தால், அது பிரிட்டிஷ் பார்க்கிங் சங்கத்தின் உறுப்பினர் என்றால் போப்லா என்ற அமைப்புக்கும், மற்றொரு சங்கமான ஐ.பி.சி.யைச் சேர்ந்தது என்றால் ஐ.ஏ.எஸ். என்ற அமைப்புக்கும் போகலாம். நம்மூர் கலெக்டர்களுக்கும் இந்த ஐ.ஏ.எஸ்.ஸுக்கும் சம்பந்தமில்லை. போப்லாவுக்குச் செலவு இல்லை. அங்கே வென்றால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும்; தோற்றாலும் முறையிட்டவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. 60 பவுண்டுச் சலுகை மட்டும் பெரும்பாலும் கைநழுவும்.

அதற்குப் பிறகு வரும் கடிதங்கள் பெரும்பாலும் கடன் வசூல் நிறுவனங்களிடமிருந்து. சிவப்பெழுத்து, 100 பவுண்டு 170 ஆன கணக்கு, 'இறுதி எச்சரிக்கை' என்ற தலைப்போடு அடுத்தடுத்து மூன்று கடிதம். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் இவர்கள் வீட்டு வாசலில் வந்து எதையும் எடுத்துப் போக முடியாது. அட்டவணைப்படி கீப்பரிடம் கேட்கக்கூடிய உச்சத் தொகை, அவருக்கு வந்த முதல் நோட்டீஸில் குறிப்பிட்ட தொகைதான். மேலே ஏற்றிய 70 பவுண்டு அதில் சேராது.

அலட்சியம் செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, வழக்குக்கு முந்தைய கடிதம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. மற்றொன்று, நீதிமன்றத்தின் வழக்குப் படிவம். படிவம் சேர்ந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பெற்றுக்கொண்டதாக மட்டும் முதலில் தெரிவித்தால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாட்கள் கிடைக்கும். சிறு வழக்குப் பிரிவு என்பதால் வக்கீல் தேவையில்லை. முதலில் தொலைபேசியில் இலவச சமரசப் பேச்சு, அது தீராவிட்டால் விசாரணை. தோற்றாலும் எதிர்த்தரப்பின் முழு வக்கீல் செலவு தலையில் விழுவது அரிது. கட்டணத்தோடு நீதிமன்றச் செலவும் சிறிய அளவில் நிர்ணயித்த வக்கீல் செலவும் சேரும்.

பதிலே தராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். வீடு மாறியவர்கள் டி.வி.எல்.ஏ.வில் முகவரியை மாற்றாமல், கடிதமெல்லாம் பழைய வீட்டுக்குப் போய், வீட்டுக்கடன் கேட்கும்போதுதான் தங்கள் மீது தீர்ப்பு இருப்பதை அறிவதுண்டு. தீர்ப்பான ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பதிவேட்டிலிருந்து அது நீங்கிவிடும். அதற்குப் பின் கட்டினால் 'தீர்த்தாயிற்று' என்ற குறிப்போடு 6 ஆண்டுகள் நிற்கும். வழக்குப் படிவமே கைக்கு வரவில்லை என்றால், தீர்ப்பை ரத்து செய்யக் கோரி விண்ணப்பிக்கலாம். அதற்குத் தாமதிக்கக் கூடாது, தனிக் கட்டணமும் உண்டு.