சுருட்டுப் பெட்டியில் ஒரு சீறியாழ்

வீணை கற்றுக்கொள்ள ஆசைப்படும் குழந்தைக்கு முதலில் ஒரு வீணை வேண்டும். பல வீடுகளில் ஆசை அங்கேயே முடிந்துபோகிறது. பலாமரத்தில் கடைந்த தஞ்சாவூர் வீணையின் விலையைக் கேட்டுவிட்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார் தகப்பனார். அந்த அடுத்த வருஷம் வருவதேயில்லை. வாத்தியம் என்பது கடையில் வாங்கும் பொருள் என்று நாம் எண்ணத் தொடங்கிய பிறகு நேர்ந்த சங்கடம் இது. அதற்கு முன்னால் அது கையால் செய்துகொள்ளும் பொருளாகவும் இருந்தது.

இதற்குச் சாட்சி நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். குழல் ஊதிச் சலித்த அவன், உள்ளே துளையுள்ள குமிழங் கொம்பை வில்லாக வளைத்து, மரல் நாரை நாணாகக் கட்டி, விரலால் தெறித்துக் குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். செலவு ஒரு காசுகூட இல்லை. வில்யாழ் பிறந்துவிட்டது!

அதே தொகுதியைச் சேர்ந்த சிறுபாணாற்றுப்படை எங்கள் கரையைப் பற்றியது. சீறியாழ் என்னும் சிறிய யாழைச் சுமந்த பாணர்கள், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் வழியைச் சொல்வது அந்தப் பாட்டு. வழியிலே வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. கிடங்கில் என்னும் ஊர் திண்டிவனத்தின் ஒரு பகுதி. உமணர்களின் உப்பு வண்டியும் அந்தப் பாட்டிலே உருண்டு வருகிறது. மரக்காணத்துக்குத் தெற்கே, அனுமந்தைப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு, சீறியாழ் நடந்த கரையில் இன்று ஒரு வீட்டிலாவது சொந்த வாத்தியம் செய்யக்கூடாதா என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கும். உப்பளத்தில் வேலை நின்றுபோகும். கையில் காசு குறைந்து பொழுது மிகுந்திருக்கும் மாதங்கள் அவை. செய்து பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் வேறில்லை.

பெட்டியின் பூர்வ கதை

அமெரிக்காவில் 1860-களில், சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்து வரிமுத்திரை ஒட்டியே விற்கவேண்டும் என்று சட்டம் வந்தது. காலியான மரப்பெட்டிகள் வீட்டுக்கு வீடு குவிந்தன. ஏழை ஜனங்கள் அவற்றில் ஒரு கம்பைச் செருகி, தந்தி கட்டி, பிடிலும் கிதாரும் செய்துகொண்டார்கள். அந்த நாட்டின் உள்நாட்டுப் போரைச் சித்திரங்களாக வரைந்த எட்வின் போர்ப்ஸ் 1876-ல் வெளியிட்ட படம் ஒன்றில், பாசறையில் ஒரு போர்வீரன் சுருட்டுப்பெட்டிப் பிடில் வாசிப்பதைக் காணலாம்.

சுருட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய 'சுருட்டு'தான். 1887-ல் வெளியான ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில், குற்றவாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்தே துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். ஆனால் பெட்டி கிடைக்கவில்லையே என்று யாரும் இதற்காகச் சுருட்டுப் பிடிக்கத் தொடங்க வேண்டாம்! மெல்லிய பலகையாலான எந்தப் பெட்டியும் போதும்.

செய்யும் வகை

சுமார் ஒன்றரை அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் மூன்றடி நீளமும் உள்ள தேக்கு ரீப்பர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது பெட்டியின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறு பக்கத்தில் வெளிவர வேண்டும். தந்தியின் இழுப்பைக் கம்பே தாங்கிக்கொள்ளும், பெட்டிக்குப் பாரமில்லை. ஒரு முனையில் பிரடை, மறு முனையில் தந்தி கட்டும் ஆணி, பெட்டியின் மேல் ஒரு சிறிய குதிரை. தந்தி அதிரும் நீளம் 25 அங்குலம் இருக்கட்டும்.

தந்திகள் மூன்று. கிதார்த் தந்திகளில் ஐந்தாவது, நான்காவது, மூன்றாவது ஆகியவற்றை வாங்கினால் சரியாக இருக்கும். அவற்றைக் கூட்டும் முறையைக் கேட்டால் நேயர்கள் வியப்படைவார்கள். அமெரிக்கக் குடியானவர்கள் வழக்கமாக வைத்துக்கொண்ட சுருதி நம்முடைய ஸ - ப - மேல் ஸ. தம்பூராவின் சுருதியேதான்! மெட்டுகள் பதிக்க வேண்டியதில்லை. வழுவழுப்பான ஒரு கண்ணாடிக் குப்பியைத் தந்தியின்மேல் வழுக்கி வாசிக்கலாம். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இது புதிதன்று. கமகம் தானாகவே வரும்.

குரல் எங்கே?

இவ்வளவும் செய்தபின் ஒரு குறை தெரியும். சிறிய பெட்டிக்குச் சிறிய குரல். அடைத்த அறையில் இனிமையாக இருக்கும். கடற்காற்று வீசும் திண்ணையில் பத்தடிக்கு அப்பால் இருப்பவர் காதில் விழாது. தான் வாசிப்பதை யாரும் கேட்கவில்லை என்று அறிந்த குழந்தை மறுநாள் வாத்தியத்தைத் தொடுவதில்லை. ஆகவே பெட்டிக்குள்ளேயே ஒரு குரல்பெருக்கியை வைக்க வேண்டியதாகிறது.

ஒரு காலத்தில் இதற்கு வால்வுகள் பூட்டிய கனத்த யந்திரம் வேண்டியிருந்தது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிசாலையில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. பல டிரான்ஸிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கும் ஐ.சி. 1958-ல் வந்தது. இன்று எல்.எம். 386 என்ற எட்டுக் கால் ஐ.சி. ஒரு புளியங்கொட்டை அளவில் கிடைக்கிறது. 9 வோல்ட் பாட்டரி ஒன்றினால் வேலை செய்கிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் அரை வாட் சக்தி தரும். திண்ணைக்கு அது தாராளம்.

முதலில் அதிர்ச்சியை மின்சாரமாக்க வேண்டும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்டார்கள். அந்தத் தத்துவத்தில் இயங்கும் 'பீஸோ' என்னும் பித்தளை வில்லை ரேடியோ சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதைக் குதிரைக்கு நேர்கீழே, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டவேண்டும்.

வில்லையை நேராக ஐ.சி.யுடன் இணைத்தால் குரல் தகரம்போல் ஒலிக்கும். காரணம் இதுதான்: வில்லையால் மிகச் சொற்ப மின்னோட்டமே தரமுடியும், அடுத்து வரும் கருவி அதிகம் இழுத்தால் கீழ் ஸ்தாயி ஒலிகள் முதலில் மறைந்துவிடும். ஆகையால் நடுவே எப்.இ.டி. என்னும் மூன்று கால் டிரான்ஸிஸ்டரை வைக்கிறோம். வில்லையின் ஒரு கம்பி அதன் 'கேட்' காலுக்கும், மற்றது பாட்டரியின் எதிர்முனைக்கும் போகும். இவ்விரண்டுக்கும் இடையே 1 மெகாஓம் தடை. 'டிரெயின்' கால் பாட்டரியின் நேர்முனையில். 'ஸோர்ஸ்' காலுக்கும் எதிர்முனைக்கும் இடையே 4.7 கிலோஓம் தடை. அந்த ஸோர்ஸ் காலிலிருந்தே 1 மைக்ரோபாரட் கண்டென்ஸர் வழியாக ஒலியை எடுத்து, 10 கிலோஓம் வால்யூம் கண்ட்ரோலுக்கு அனுப்ப வேண்டும்.

ஐ.சி.யில் ஒலி நுழைவது 3-ம் கால். 2-ம் காலும் 4-ம் காலும் எதிர்முனைக்கு. 6-ம் கால் நேர்முனைக்கு. 5-ம் காலிலிருந்து 220 மைக்ரோபாரட் கண்டென்ஸர் வழியாக ஸ்பீக்கர். அதே 5-ம் காலிலிருந்து எதிர்முனைக்கு 10 ஓம் தடையும் 0.047 மைக்ரோபாரட் கண்டென்ஸரும் வரிசையாகச் சேர்ந்தால் குரல் நடுங்காது. 1-ம் காலையும் 8-ம் காலையும் சும்மா விட்டால் ஒலி 20 மடங்கு பெருகும். 10 மைக்ரோபாரட் கண்டென்ஸரால் இணைத்தால் 200 மடங்கு. நமக்கு 20 மடங்கே உசிதம். ஏன் என்பது அடுத்தாற்போல் விளங்கும்.

ஊளையும் உப்பும்

கல்யாணப் பந்தலில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே பிடித்தால் காதைத் துளைக்கும் ஊளை எழுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒரே பெட்டியில் வில்லையும் ஸ்பீக்கரும் இருந்தால் அந்த ஆபத்து இரட்டிப்பு. ஸ்பீக்கர் பெட்டியை அதிர்விக்கும். பெட்டி வில்லையை அதிர்விக்கும். வில்லை மறுபடி ஸ்பீக்கரைக் கத்தச் செய்யும். பெட்டியின் நடுவே பலகைத் தடுப்பு வைத்து, ஸ்பீக்கரைக் குதிரைக்கு எட்டாத அறையில் குடிவைப்பதே பரிகாரம். தடுப்பின் ஓரங்களில் பஞ்சை அடையுங்கள். அப்படியும் ஊளையிட்டால் வால்யூமைச் சற்றுக் குறைக்க வேண்டியதுதான்.

எங்கள் கரைக்கென்று இன்னொரு சத்துரு உண்டு. உப்புக் காற்று ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். எஃகுத் தந்தி துருப்பிடிக்கும், செம்பில் களிம்பு ஏறும். வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைக்கவும். ஈயப்பற்று வைத்த பக்கத்தில் ஒரு பூச்சு வார்னிஷ் தடவவும். ஓய்வு மாதங்களில் பாட்டரியைக் கழற்றிவிடவும். 9 வோல்ட் மின்சாரம் குழந்தையை ஒன்றும் செய்யாது; ஆனால் ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் சுடும். அந்த வேலையின்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம். வீட்டு மின்சாரத்தை இதன் அருகே கொண்டுவரவே வேண்டாம்.

யந்திரம் புகுந்தால் சங்கீதம் கெடாதா?

இப்படிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாண்டலின் ஸ்ரீநிவாஸை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். மாண்டலினின் நாதம் தெறித்தவுடன் அடங்கிவிடும். நீண்ட கமகத்துக்கு இடங்கொடாது. 1969-ல் பிறந்து 2014-ல் மறைந்த அந்த மேதை, ஐந்து தந்தி மின்சார மாண்டலினைக் கைக்கொண்டு, கர்நாடக ராகங்களை உலகமெல்லாம் கேட்கச் செய்தார். மின்சாரம் அவருடைய விரல்களுக்குப் பதிலாக வாசிக்கவில்லை; விரல்கள் செய்ததை நீட்டித்துக் காட்டிற்று.

பழமைக்கும் பௌதிகத்துக்கும் பகையில்லை என்பதற்கு விபுலாநந்த அடிகளே சான்று. விஞ்ஞானப் பட்டதாரியான அவர், நம் பழைய யாழ்களின் அமைப்பையும் சுரங்களின் கணக்கையும் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947-ல் வெளிவந்தது. டிரான்ஸிஸ்டர் பிறந்ததும் அதே ஆண்டு!

பள்ளிக்கூடத்தில் ஓம் விதியைப் பிள்ளைகள் பரீட்சைக்காக ஒப்பிக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். கையில் பிடித்த டெலிபோனில் உலகத்துப் பாட்டெல்லாம் கேட்கும் பிள்ளைக்கு, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கவே தோன்றுவதில்லை. மூடிய பெட்டி ஏவலுக்குப் பாடும். கேள்விக்குப் பதில் சொல்லாது. தானே அறுத்து, ஒட்டி, பற்றவைத்த பெட்டி அப்படியன்று. அது பாடாவிட்டால் எந்தக் கம்பி விட்டுப்போயிற்று என்று திறந்து பார்க்கலாம். பாடினால், தந்தியின் அதிர்ச்சி வில்லையில் மின்சாரமாகி, மறுபடி காற்றில் நாதமாகும் வழியெல்லாம் செய்தவனுக்குத் தெரியும்.

இந்த வாத்தியம் வீணைக்கு ஈடாகாது. கச்சேரி மேடைக்கும் உரியதன்று. ஆனால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டாம். இந்த மழைக்காலத்திலேயே, வீட்டிலுள்ள ஒரு பழைய பெட்டியைக் குழந்தையின் கையில் கொடுத்துப் பாருங்கள்.