கிட்டத்து ஊர் எட்டப் போன கதை

வானொலியில் நான் பேசியதை, கேட்கத் தவறியவர்களுக்காகச் சுருக்கமாக இங்கே தருகிறேன்.

மொன்ட்ரியால்-நோரிலுள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து தெற்குக் கரையிலுள்ள கடைகளுக்கு மரக்கறி ஏற்றிச் செல்வது என் தொழில். 25ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறி, லூயி-இப்போலித் லா ஃபொன்தேன் சுரங்கப்பாதையால் சென் லோறன்ஸ் ஆற்றைக் கடந்தால் அக்கரை வந்துவிடும். 2022 அக்டோபர் 31 முதல், திருத்த வேலைக்காக அந்தச் சுரங்கத்தின் ஆறு வழித்தடங்களில் மூன்று மூடப்பட்டன. தூரம் ஒரு மீற்றர்கூடக் கூடவில்லை. ஆனால் சொன்ன நேரத்துக்கு என்னால் போக முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, முருங்கைக்காய் கேட்டு வந்த சனம் திரும்பிப் போன பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். கடைக்கார அண்ணர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை ஓடரைக் குறைத்துவிட்டார்.

இந்த இழப்பை அளக்க முடியுமா? முடியும். பல லொறிகளில் ஜி.பி.எஸ். கருவி உண்டு. லொறி எங்கே, எத்தனை மணிக்கு நின்றது என்று அது அடிக்கடி பதியும். பெயர் விபரங்களை நீக்கி, ஆயிரக்கணக்கான லொறிகளின் பதிவுகளை ஒன்றுசேர்த்தால், ஒரு பகுதியிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எந்தெந்த இடங்களுக்குச் சரக்குப் போய்ச் சேரும் என்று தெரியும். கனடாவின் மத்திய போக்குவரத்து அமைச்சும் இத்தகைய தரவுகளைப் பயன்படுத்தியிருக்கிறது.

சராசரி நேரம் மட்டும் போதாது. அமெரிக்காவில் ஒரு கணக்கு உண்டு. ஒரே பாதையில் நடந்த 100 ஓட்டங்களை, குறைந்த நேரத்திலிருந்து கூடிய நேரம்வரை வரிசைப்படுத்தி, 95ஆவது ஓட்டத்தின் நேரத்தை நடு ஓட்டத்தின் நேரத்தால் வகுப்பார்கள். உதாரணமாக, நடு 40 நிமிடம், 95ஆவது 80 நிமிடம் என்றால் விடை 2. பிந்தாமல் போகவேண்டுமென்றால் இரட்டிப்பு நேரம் ஒதுக்கவேண்டும் என்பது அதன் பொருள்.

இதில் குறையும் உண்டு. 2021 ஜூன் 12இல் நடைமுறைக்கு வந்த மத்திய விதி, மாகாணம் கடந்து ஓடும் லொறிகளுக்கு மின்னணு நேரப்பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கியது. 160 கி.மீ. வட்டத்துக்குள் ஓடி அன்றே திரும்புவோருக்கு அது பொதுவாகத் தேவையில்லை. எனவே நீண்ட ஓட்டங்கள் கணக்கில் நன்றாகத் தெரியும். எங்களைப் போன்ற சின்ன லொறிகள் விடுபடலாம். அதோடு, 20 நிமிடம் நின்றது சாமான் இறக்கவா, தேத்தண்ணி குடிக்கவா என்பதும் கருவிக்குத் தெரியாது.

அதனால் நானே ஒரு கொப்பியில் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், இறக்கிய நேரம் மூன்றையும் எழுதத் தொடங்கினேன். இரண்டு மாதக் கணக்கைக் காட்டியதும், விடியற்காலை 5 மணிக்குக் கடை திறந்துதர அண்ணர் சம்மதித்தார். ஓடரும் பழையபடி வந்தது.

லொறி ஓடும் நேயர்களே, நீங்களும் எழுதி வையுங்கள். நகரசபைக் கூட்டத்தின் கேள்வி நேரத்தில் "வீதி வேலையால் பிந்துகிறது" என்று சொல்வதைவிட, அந்தக் கொப்பி பலமாகப் பேசும்.