சொல்லில்லாப் பாட்டு

தோழியரே, இளையராஜாவின் திரைப்பாடல்களை முணுமுணுக்காதவர் நம் பசுமலையில் உண்டோ? ஆனால் 1986-இல் வெளிவந்த அவரது ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் கருவியிசைத் தொகுப்பைக் கேட்டவர் சிலரே. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் அது காணிக்கை. அதிலுள்ள ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ பற்றி இசையன்பர்களிடையே வழக்குண்டு.

சொல்லில்லாப் பாட்டு நெஞ்சில் நிற்காது என்பர் ஒரு சாரார். மறுசாராரோ அதன் அமைப்பைக் காட்டுவர். பாக் தனி வயலினுக்கு எழுதிய மெட்டு ஓட, உடன் இளையராஜாவின் மெட்டும் ஓடுகிறது. ஒன்று மற்றதற்குப் பின்பாட்டன்று, இரண்டும் சமம். இதனை மேனாட்டார் ‘கவுண்டர்பாயிண்ட்’ என்பர்.

முதன்முறை குழப்பமாகத் தோன்றலாம். மறுமுறை ஒரு மெட்டை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் முறை மற்றதை. இருவர் ஒருசேரப் பேசியும் சண்டை எழாத அதிசயத்தை உங்கள் செவியே சொல்லும்.